பீரோவில் தப்பிய யாஷிகா: ஒரு குடும்பக் கேமராவைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குப் பொருள் ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என் கேமரா. உரியவர்கள் நாகப்பட்டினத்துக் குடும்பம் ஒன்று: எண்பதை நெருங்கும் தாய், அவரோடு வசிக்கும் மூத்த மகள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இளைய மகன். தந்தை 1990-களின் நடுவில் காலமாகிவிட்டார். பழைய கேமராக்களைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் இது என் மேசைக்கு வந்தது. பழுதைவிடப் பேச்சு அதிகமாகப் போனதால் எழுதி வைக்கத் தோன்றியது. குடும்பத்தார் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

2004 சுனாமியில் இந்த வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் போயின, கேமரா மட்டும் தப்பியது. சில ஆண்டுகள் கழித்துப் படங்களில் ஒரு பகுதி வேறு வழியாகத் திரும்பி வந்தது. அப்படி வந்த பிறகும் கேமராவின் மேல் இருந்த பிடிப்பு குறையவில்லை, கூடத்தான் செய்தது. இதுதான் எனக்குப் புதிர். படம் எடுக்கத்தானே கேமரா? படம் கையில் வந்தபின் பெட்டி எதற்கு? இவர்களோடு பேசப் பேச எனக்குக் கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களின் பிடிப்பு கேமராவின் தோற்றத்திலும் இல்லை, அது எடுத்த படங்களிலும் இல்லை. அதைக் கையாண்ட விதத்தில் இருந்தது, அதுவும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக.

கேமரா வந்த வழி

எலக்ட்ரோ 35 வரிசை 1966-ல் ஜப்பானில் தொடங்கியது. ஜி.எஸ்.என் 1973 வாக்கில் வந்தது. முக்கால் கிலோ கனம், 45 மி.மீ. லென்ஸ், வெளிச்சத்தை உள்ளே விடும் துளை 1.7 வரை திறக்கும். அன்றைய நல்ல கேமராக்கள் பலவற்றில் வெளிச்சம் பார்த்து, துளையின் அளவையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் நாமே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். இதில் துளையை மட்டும் வைத்தால் போதும், நேரத்தை உள்ளிருக்கும் மின்சுற்று பார்த்துக்கொள்ளும். பொத்தானைப் பாதி அழுத்தும்போது சிவப்பு அம்பு எரிந்தால் வெளிச்சம் அதிகம். மஞ்சள் அம்பு எரிந்தால் வெளிச்சம் குறைவு, கை ஆடினால் படம் கெடும். எந்த அம்பு எரிகிறதோ அது காட்டும் பக்கம், துளையை மாற்றும் வளையத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் பாடம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கூட நல்ல படம் எடுத்துவிடலாம். கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் இதை விரும்பி வாங்கியதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தந்தை 1970-களின் இறுதியில் சிங்கப்பூரில் இதை வாங்கி, விடுப்புக்கு வரும்போது ‘சிதம்பரம்’ கப்பலில் கொண்டுவந்தார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய அந்தக் கப்பலை நாகை, காரைக்கால் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணக் காலமும் முடிந்தது.

முதல் விடுப்பில் கேமரா அவரோடு வந்து அவரோடே திரும்பிப் போனது. அடுத்த முறை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார், பிள்ளைகள் வளர்வதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி. வீட்டில் எல்லோரும் இதை ‘அப்பா கேமரா’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று தெளிவானது. இதில் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அம்மா. கடைத்தெரு ஸ்டூடியோவில் ரோலைக் கொடுத்துக் கழுவி, பிரிண்ட் போட்டு, கடித உறையில் வைத்து சிங்கப்பூருக்கு அனுப்பியதும் அவர்தான். கருப்பு வெள்ளைக்கு ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிம், கல்யாணம் காட்சி என்றால் மட்டும் கலர் ரோல்.

தோல் உறையின் மூடிக்கு உள்பக்கம் நீலநிறக் காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. மடித்து ஒட்டும் வெளிநாட்டுக் கடிதத்திலிருந்து கத்தரித்தது. தந்தையின் கையெழுத்தில் இப்படி இருந்தது: “அம்பு காட்டும் பக்கம் வளையத்தைத் திருப்பு. மஞ்சள் அணையாவிட்டால் சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கி எடு. அவசரப்படாதே.” கடிதத்தின் மிச்சத்தில் என்ன இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். “வீட்டு விஷயம்” என்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

தண்ணீர் வந்தபோது

2004 டிசம்பர் 26 காலை நாகையில் நடந்ததை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில் அன்று இறந்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்தவர்கள். இந்த வீட்டில் எல்லோரும் உயிர் தப்பினார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துபோனது.

எது தப்பியது, எது போனது என்பதில்தான் ஆய்வுக்குரிய விஷயம் இருக்கிறது. ஆல்பங்கள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. யாராவது உறவினர் வந்தால் சட்டென்று இழுத்துக் காட்ட அதுதான் வசதி. நெகட்டிவ்களும் அதே பெட்டியில். கேமரா, நகையோடும் பத்திரங்களோடும், பீரோவின் மேல்தட்டில். அதாவது ஆல்பம் அந்த வீட்டில் புழங்கும் பொருள், கேமரா சொத்து. புழங்கும் பொருள் தரையோடு கிடந்து தண்ணீரில் போனது. சொத்து உயரத்தில் இருந்து தப்பியது.

கடல்நீரில் ஊறிய புகைப்படம் உடனே அழிந்துவிடுவதில்லை. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் ஊறி உப்பும், பாக்டீரியா அதைத் தின்னத் தொடங்கும், நிறங்கள் விளிம்பிலிருந்து கரைந்து வெள்ளையாகும். குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிழலில் உலர்த்தினால் பலவற்றைக் காப்பாற்றிவிடலாம். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு தன்னார்வலர்களும் புகைப்பட நிறுவனங்களும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். ரிக்கோ நிறுவனத்தின் திட்டத்தில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சுத்தம் செய்யப்பட்டன. இந்த வீட்டில் பெட்டியைத் திறந்து பார்க்கவே சில வாரங்கள் ஆகிவிட்டன. யாரைக் குறை சொல்வது? உயிர்களைத் தேடிக்கொண்டிருந்த ஊரில் ஆல்பம் யாருக்கு நினைவுக்கு வரும்? திறந்தபோது பக்கங்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. எறிந்துவிட்டார்கள்.

படிப்பவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும், எனக்கும் எழுந்தது. கேமராவுக்குள் கழுவாத பிலிம் ஏதாவது இருந்ததா? இல்லை. காலியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்த படங்கள்

அம்மா சிங்கப்பூருக்கு அனுப்பிய படங்களைத் தந்தை தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. கூட வேலை பார்த்தவர்கள், அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்ட அவருடைய தம்பி என்று பலருக்கும் பிரதி போட்டுக் கொடுத்திருக்கிறார். சித்தப்பா வீட்டு அலமாரியில் அவை பத்திரமாக இருந்தன. மகன் வேலைக்காக அங்கே போனபின் ஒவ்வொன்றாக ஸ்கேன் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினார். தீபாவளிக்கு எடுத்த ஒரு படம், பள்ளிச் சீருடையில் நிற்கும் ஒரு படம், கொல்லைக் கிணற்றடியில் அம்மாவைத் தந்தை எடுத்தது ஒன்று.

அக்காவிடம் கேட்டேன், இவை வந்தபோது எப்படி இருந்தது என்று. “சந்தோஷமா இருந்துச்சு தம்பி. நாலு நாள் பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் போன்ல மத்த படத்தோட அதுவும் ஒண்ணா போயிடுச்சு” என்றார். கேமராவைப் பற்றிக் கேட்டபோது இப்படிச் சாதாரணமாகச் சொல்லவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

பொருளும் மனிதரும் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர் ரஸ்ஸல் பெல்க். 1988-ல் அவர் எழுதிய கட்டுரையில், உடைமைகள் நம் ‘நான்’ என்பதன் நீட்சி, திருட்டிலோ பேரிடரிலோ அவற்றை இழப்பவர்கள் தம்மில் ஒரு பகுதியை இழந்தவர்கள்போல் துக்கப்படுகிறார்கள் என்றார். சரிதான். ஆனால் எந்த உடைமை, அதில் எந்தப் பகுதி, யாருடைய ‘நான்’ என்று கேட்டால் இந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று விடை வைத்திருந்தார்கள்.

அந்த ‘டக்’

கேமரா என்னிடம் வந்தபோது இருந்த நிலை இது. பேட்டரி அறையில் பச்சைப் பாசிபோலக் கசிவு. கதவின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்சு தார்போல இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. முன் லென்ஸின் ஓரத்தில் நரம்பு நரம்பாகப் பூஞ்சை. ரீல் சுற்றும் கைப்பிடி எப்போதோ கீழே விழுந்ததில் சற்று வளைந்திருந்தது. கடலோர ஊரில், தோல் உறைக்குள், இருட்டு பீரோவில் இருபது முப்பது வருடம் வைத்தால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? ஈரப்பதம் 65-70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே அதற்குப் போதும். தோல் உறையில் பூட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே கேமராவை வெளியே எடுத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் நான் குறித்துக்கொண்டிருந்தபோது அக்கா கைப்பிடியை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இழுக்கிறப்போ உள்ளே ‘டக்’னு ஒண்ணு விழும் தம்பி. இப்ப விழல. சும்மா சுத்துது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலக்ட்ரோ 35-ஐப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் சோதிப்பதே இந்தச் சத்தத்தைத்தான். உள்ளே ஒரு தண்டின் அடியில் சின்ன ரப்பர் மெத்தை இருக்கும். பத்திருபது ஆண்டுகளில் அது நைந்து கரைந்துவிடும். கரைந்ததும் தண்டு தன் இடத்தில் போய் விழாது, மின்தொடர்புகள் சரியாகச் சேராது, நேரக் கணக்கு குழம்பும். வெளிநாட்டுப் பழுதுபார்ப்பவர்கள் அதற்கு ‘மரண மெத்தை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கேமராவைப் பற்றி எதுவும் படிக்காத ஒருவர், காதாலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு முற்றிலும் புதிது. சிறுவயதில் அவர் எப்போதும் கேமராவுக்கு எதிரில் நின்றவர். ஒரு படம் எடுத்து முடித்ததும் கொஞ்சம் தளர்ந்து நிற்கலாம். அந்த ‘டக்’ கேட்டால் அடுத்த படத்துக்கு அம்மா தயார், மறுபடி விறைப்பாக நிற்க வேண்டும். எடுப்பவருக்கு அது வெறும் இயந்திரச் சத்தம், நிற்பவருக்கு அது கட்டளை.

மகனுக்கு இந்தச் சத்தமே தெரியாது. அவர் விவரம் அறிந்த வயதில் பேட்டரி தீர்ந்துவிட்டது. இந்தக் கேமராவுக்கு 5.6 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும். அவை 1990-களில் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டு, கிடைப்பது அருகிப் போனது. ஆனால் பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் 1/500 நொடியில் திறந்து மூடும். ஆகவே அவருடைய கேமரா, பிலிம் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்து ‘சிலிக் சிலிக்’ என்று அடித்து விளையாடிய பொம்மை. அதை ஒருநாள் உண்மையிலேயே படமெடுக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அம்மாவுக்கு நினைவிருந்தவை கனமும் விளக்குகளும். கேமராவை வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, “மஞ்ச விளக்கு வருதா?” என்றுதான் முதலில் கேட்டார்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

பழுதுபார்ப்பதா வேண்டாமா என்பதில் அக்காவும் தம்பியும் வேறுபட்டார்கள். அக்காவுக்குத் திருகாணியைத் தொடுவதே பிடிக்கவில்லை. தம்பி, ஓடாத கேமரா எதற்கு என்றார். சொல்லிவிட்டு நிற்கவில்லை, சிங்கப்பூரில் பழைய பொருள் சந்தையில் இதே ஜி.எஸ்.என் ஒன்றை, கீறல்கூட இல்லாமல் ஓடுகிற நிலையில் வாங்கி எனக்கே அனுப்பிவிட்டார். “அப்பா கேமரா அப்படியே இருக்கட்டும், அம்மா இதுல எடுக்கட்டும்” என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான், மனசும் நல்ல மனசு. பலிக்கவில்லை. அக்கா அதைக் கையில் வாங்கி இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். ‘டக்’ சத்தம் அச்சு அசலாக விழுந்தது. “இது வேற தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உளவியலாளர்கள் புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. பொருள்களை அப்படியே நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைச் சிறுபிள்ளைகளிடம் காட்டினார்கள். சாதாரண பொம்மை என்றால் பிள்ளைகள் நகலைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை என்றால் பெரும்பாலோர் அசலையே கேட்டார்கள், சிலர் இயந்திரத்துக்குள் வைக்கவே விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய அக்காவும் அதையேதான் செய்தார்.

ஆனாலும் அந்த இரண்டாவது கேமரா வீண்போகவில்லை. இவர்களுடைய கேமராவில் பேட்டரி அறையின் மூடி அரித்துப் போயிருந்தது. புதியதிலிருந்து எடுத்துப் போடலாமா என்று கேட்டேன். தாராளமாக, என்றார்கள். உள்ளே அரித்துப்போன கம்பி? மாற்றுங்கள். ரப்பர், ஸ்பாஞ்சு? அதெல்லாம் மாற்றத்தானே வேண்டும். வளைந்த கைப்பிடி? அங்கே நின்றுவிட்டது பேச்சு. அக்கா வேண்டாம் என்றார். தம்பி வீடியோ அழைப்பில், “வளைஞ்சதை வச்சு எப்படிக்கா சுத்துறது?” என்றார். அம்மா கைப்பிடியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். “விரல் பழகின எடம் இதுதான். நேரா இருந்தா எனக்குச் சரிப்படாது.”

கவனித்துப் பார்த்தால் அவர்கள் போட்ட கோடு மிகத் துல்லியமானது. விரல் படும் எதையும் மாற்றக்கூடாது: கைப்பிடி, பொத்தான், வளையம். விரல் படாததை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். அருங்காட்சியகத்தில் கேமராவைப் பாதுகாப்பவர் கிட்டத்தட்ட இதற்கு எதிராகத்தான் யோசிப்பார். அவருக்கு உள்ளிருக்கும் மூல மின்சுற்று பெரிய விஷயம், அதைத் தொடத் தயங்குவார்.

சந்தனம்

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இந்தக் கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். தந்தை இறந்த பிறகும், சுனாமிக்குப் பிறகும், பேட்டரி இல்லாத காலத்திலும். மேல்தகட்டில், பிலிம் சுற்றித் திருப்பும் குமிழைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில், லென்ஸ் வளையத்தின் இடுக்கில் எல்லாம் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குத் தீனியாகும். தொழில்முறையில் பார்த்தால் அது அழுக்கு, எடுத்தாக வேண்டும். ஆனால் நாற்பது வருடப் பூஜையின் தடயத்தை ஊசியால் சுரண்டி எடுக்க எனக்குக் கை வரவில்லை. படமெடுத்து வைத்துக்கொண்டேன். லென்ஸ் பக்கம் மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு நாள் வேலையை ஒதுக்கிவைத்து, தயங்கித் தயங்கி அம்மாவிடமே கேட்டேன்.

“எடுத்துடுங்க தம்பி. வர்ற பூஜைக்கு வைப்போம்ல?”

ஆய்வாளர்கள் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் யூஜின் ராக்பெர்க்-ஹால்டனும் 1970-களில் சிக்காகோ பகுதியில் 82 குடும்பங்களில் 315 பேரிடம் வீட்டில் எந்தப் பொருள் உங்களுக்கு முக்கியம் என்று கேட்டார்கள். இளையவர்கள் இயக்கிப் பயன்படுத்தும் பொருள்களைச் சொன்னார்கள், மூத்தவர்கள் பார்த்து நினைத்துக்கொள்ளும் பொருள்களை, குறிப்பாகப் புகைப்படங்களைச் சொன்னார்கள். இந்த வீட்டில் அக்காவும் தம்பியும் அந்தக் கணக்குக்கு ஓரளவு ஒத்துவருகிறார்கள். எல்லோரிலும் மூத்த அம்மாதான் ஒத்துவரவில்லை. அவருக்கு இது நினைவுச்சின்னம் அல்ல, நிறுத்திவைத்திருந்த வேலை. சந்தனத்தைக் காப்பாற்றத் துடித்தவன் நான், அவர் அல்ல.

முடிந்ததும் முடியாததும்

ரப்பர் மெத்தை மாற்றியாயிற்று. ‘டக்’ விழுகிறது. பேட்டரிக்கு 6 வோல்ட் ஆல்கலைன் ஒன்றைக் காகிதம் சுற்றித் தடிமனாக்கி, நீளம் போதாததற்குப் பேனா ஸ்பிரிங் வைத்துப் பொருத்தினேன். இந்தச் சுற்று அந்தச் சிறிய வோல்டேஜ் வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். பூஞ்சையில் பெரும்பகுதி போய்விட்டது. ஓரத்தில் கண்ணாடியின் பூச்சை அது தின்ற தடம் இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. கேமராவும் உறையும் இனித் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீலக் காகிதத்தைப் பிரிக்காமல் உறையோடு காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கிறார்கள். கேமரா, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகும் டப்பாவில். படமெடுக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

அம்மா ஒரு ரோல் எடுத்தார். பிலிம் விற்கிற விலையைக் கேட்டு முதலில் வேண்டாம் என்றவர், தம்பி வாங்கி அனுப்பியபின் சம்மதித்தார். பாதிப் படங்களில் ஃபோகஸ் தப்பி மங்கலாக இருந்தது. ஃபோகஸ் பார்க்கும் மஞ்சள் கட்டம் மங்கிவிட்டது, அவருடைய கண்ணும் அப்படித்தான். கிணறு இப்போது மூடிக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் அக்காவை நிறுத்தி எடுத்த இரண்டு படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. இரண்டிலும் அக்கா விறைப்பாகத்தான் நிற்கிறார்.

அம்மாவுக்குப் பிறகு கேமரா யாருக்கு என்ற பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தம்பி வாங்கி அனுப்பிய கேமரா, பேட்டரி மூடி இல்லாமல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திருப்பி அனுப்பட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். “இருக்கட்டும்ணே, ஸ்பேருக்கு ஆகும்” என்கிறார்.